மாத்திரைப் பையைக் கொட்டுங்கள், அப்புறம் பேசுவோம்

நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக்கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் 21 வருடம் நின்றவள் நான். ஓய்வு பெற்றால் கால்வலி போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஆனால் இப்போது உட்கார்ந்தே வேலை. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் மூலை மேஜையில் இருப்பேன். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயது ஆனவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அதைப் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்ல ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்று ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. பெயர் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். அதில் நான் பயிற்சி பெற்ற தொண்டர். எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை, ஆகவே மனதில் பட்டதைச் சொல்வேன். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மருந்து ப்ளான் மாற்றும் காலம். இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு 71 வயது. 2021 பிப்ரவரியில் கிரீன் கார்டில் வந்தார், அதற்கப்புறம் ஊருக்கே போகவில்லை. இங்கே ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. பத்து வருடம் வேலை செய்தவர்களுக்குத்தான் மெடிகேர் என்கிறார்கள் நண்பர்கள். அப்படியானால் மருந்துக்கான பார்ட் டி-யும் கிடைக்காதா?
(வாசகர், எடிசன்)

நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. பத்து வருடம், அதாவது 40 காலாண்டு, வேலை செய்து வரி கட்டியவர்களுக்கும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவிக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ சும்மா கிடைக்கும். உங்கள் அம்மா மாதிரி இருப்பவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கலாம். 65 வயது ஆகியிருக்க வேண்டும், கிரீன் கார்டு வேண்டும், இந்த நாட்டில் தொடர்ந்து ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அது 2026 பிப்ரவரியில் முடிகிறது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். 2026-இல் பார்ட் ஏ மாதம் 565 டாலர். டாக்டர் செலவுக்கான பார்ட் பி மாதம் 202.90 டாலர். இந்த இரண்டு எண்ணையும் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பார்ட் டி-யில் சேர ஏ, பி இரண்டும் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏதாவது ஒன்று இருந்தால் போதும். 565 டாலர் கட்ட முடியாதவர்கள் பி மட்டும் வாங்கி, அதோடு ஒரு மருந்து ப்ளானும் சேர்ந்துகொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஏ இல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த பில் உங்கள் தலையில்தான் விழும். வேறு காப்பீடு கையில் இல்லாமல் அந்த வழியில் போகாதீர்கள். அம்மாவின் வருமானம் மிகக் குறைவு என்றால் முதலில் மெடிகெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு, அதன் மாநில அலுவலகத்தில் கியூஎம்பி என்ற உதவியைக் கேளுங்கள். அது கிடைத்தால் ஏ, பி இரண்டின் ப்ரீமியத்தையும் மாநிலமே கட்டிவிடும்.

தேதி முக்கியம், தம்பி. ஐந்து வருடம் முடியும் மாதம், அதற்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், ஆக ஏழு மாதம் கதவு திறந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு அது 2025 நவம்பரில் திறந்துவிட்டது, 2026 மே மாதத்தோடு மூடிவிடும். இன்னொன்று: ஏ, பி இரண்டும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் வாங்குவது. டி அங்கே கிடைக்காது. மெடிகேர் இணையதளத்திலோ, 1-800-633-4227 என்ற எண்ணிலோ தனியாகச் சேர வேண்டும். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய், ஒரு வருடம் கழித்து என்னிடம் வருகிறவர்கள் உண்டு. போனில் அம்மாவே பேச விரும்பினால் 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று முதலிலேயே கேளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

மெடிகேர் இணையதளத்தில் அப்பாவின் மருந்துகளைத் தட்டினால் பாதி வரவே இல்லை. எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தவை. எந்த ப்ளான் நல்லது என்று நீங்களே ஒரு பெயர் சொல்லிவிடுங்களேன்.
(வாசகி, பிஸ்காட்டவே)

பெயர் சொல்ல மாட்டேன் அம்மா. ஒரே வீட்டில் கணவனுக்கு நல்ல ப்ளான் மனைவிக்கு ஆகாது. எந்த ப்ளான் என்பதை மாத்திரைதான் சொல்லும்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை மேஜையில் கவிழ்த்தார். கிளைகோமெட், டெல்மா 40, தைரோநார்ம் 50, எக்கோஸ்ப்ரின், ஷெல்கால், ஒரு கிளிக்ளசைடு அட்டை. இன்னொரு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி மூன்று மாத்திரை மட்டும் மிச்சம். பெயர் இருந்த பக்கம் காணோம். "வெள்ளை மாத்திரைம்மா, ராத்திரி போடறது" என்றார். நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? மகளுக்கு போன் போட்டு, அவர் ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு போன் போட்டு, மருந்துக்கடை பில்லைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் அது கொலஸ்ட்ரால் மாத்திரை என்று தெரிந்தது.

உங்களுக்கும் அதே வேலைதான். அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு அருகில் பொடி எழுத்தில் மூலப்பெயர் இருக்கும். இணையதளத்தில் தட்ட வேண்டியது அது. கிளைகோமெட் என்றால் மெட்ஃபார்மின். டெல்மா என்றால் டெல்மிசார்ட்டன். தைரோநார்ம் என்றால் லெவோதைராக்சின். இந்த மூன்றும் இங்கே ஜெனரிக்காக, அதாவது மூலப்பெயரிலேயே விற்கும் மலிவான மருந்தாகக் கிடைக்கும். கிளைகோமெட்டிலேயே ஜிபி என்று போட்டிருந்தால் உள்ளே இரண்டு மருந்து இருக்கிறது, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். இங்கே அவற்றைத் தனித்தனியாகத் தட்டுங்கள். எக்கோஸ்ப்ரின் என்பது ஆஸ்பிரின், ஷெல்கால் என்பது கால்சியம். இவை சீட்டில்லாமல் கடையில் வாங்குபவை, பார்ட் டி இவற்றுக்கு ஒரு சென்ட்டும் தராது.

கிளிக்ளசைடு எத்தனை முறை தட்டினாலும் வராது. உங்கள் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஊரில் சர்க்கரைக்காரர் வீடுகளில் சர்வசாதாரணமாகக் கிடக்கும் கிளிக்ளசைடு, வில்டாகிளிப்டின் இரண்டுக்குமே அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அனுமதி தரவில்லை. ஆகவே எந்த ப்ளானிலும் இருக்காது. ப்ளான் தேடுவதற்கு முன்னால் இங்கே உள்ள டாக்டரிடம் அப்பாவைக் காட்டி, இங்கே கிடைக்கும் மாற்று மருந்தை எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு தேடினால்தான் கணக்கு சரியாக வரும்.

தேடும்போது மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை, எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று நான்கையும் போடுங்கள். கடையை விட்டுவிடாதீர்கள். ப்ளானோடு சிறப்பு ஒப்பந்தம் போட்ட கடையில் ஒரு விலை, எதிர்த்த கடையில் வேறு விலை. கடைசியில் வரும் பட்டியலில் மாத ப்ரீமியத்தைப் பார்க்காமல், ப்ரீமியமும் மருந்துச் செலவும் சேர்த்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்ற எண்ணைப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் மாமியாருக்கு நான் எடுத்துக்கொடுத்த முதல் ப்ளானில் ப்ரீமியம் மாதம் 14 டாலர் குறைவு. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜனவரியில் அவருடைய கண் சொட்டு மருந்து அந்த ப்ளானின் பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. 14 டாலர் மிச்சம் பிடிக்கப்போய் மாதம் 90 டாலருக்கு மேல் அந்தக் குட்டி பாட்டிலுக்கு அழுதோம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகள் என்று சொந்தக்காரர்களிடம் அவர் அறிமுகம் செய்யும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசும்.

மாமனாருக்கு 68 வயது, மெடிகேர் இருக்கிறது. ஒரு மாத்திரை கூடப் போடுவதில்லை. தினமும் கம்பங்கூழ், நடைப்பயிற்சி. எதற்கு மாதாமாதம் ப்ரீமியம் கட்ட வேண்டும் என்கிறார்.
(வாசகர், ஜெர்சி சிட்டி)

கூழுக்கு என் வணக்கம். ஆனால் நோய் வந்த அன்றைக்குப் போய் சேர முடியாது, அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அபராதமும் உண்டு. வேறு தகுதியான மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாளோ அதற்கு மேலோ இருந்துவிட்டால், சும்மா இருந்த ஒவ்வொரு முழு மாதத்துக்கும் அடிப்படை ப்ரீமியத்தில் 1 சதவீதம். 2026-க்கு அந்த அடிப்படைத் தொகை 38.99 டாலர். 29 மாதம் விட்டிருந்தால் 29 சதவீதம், அதாவது மாதம் சுமார் 11.30 டாலர், ப்ளான் ப்ரீமியத்துக்கு மேலே. ஒரு முறை கட்டி முடிக்கிற அபராதமாக இருந்தால் பரவாயில்லை. பார்ட் டி வைத்திருக்கும் வரை கூடவே வரும், அடிப்படைத் தொகை ஏறினால் இதுவும் ஏறும். மருந்தே போடாதவருக்கு இருப்பதிலேயே மலிவான ப்ளான் ஒன்று போதும்.

அவர் யாருடைய கம்பெனி இன்ஷூரன்சிலாவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், அந்த மருந்துக் காப்பீடு மெடிகேருக்கு நிகரானதா இல்லையா என்று ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15-க்கு முன் ஒரு கடிதம் வரும். நிகரானது என்றால் அபராதம் கிடையாது. விளம்பரக் குப்பை என்று நினைத்துக் கிழித்துவிடுகிறார்கள். பத்திரமாக வையுங்கள்.

கணவருக்கு 52 வயது. 2023 அக்டோபரில் பக்கவாதம். 2024 ஏப்ரலிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி ஊனமுற்றோர் உதவித்தொகை வருகிறது. 65 ஆகாதவருக்கு மெடிகேர் உண்டா? அவருக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை, நான்தான் எல்லாம் செய்ய வேண்டும்.
(பெயர் வேண்டாம், மிடில்செக்ஸ் கவுண்டி)

உண்டு. 1972-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 65 வயதுக்குக் குறைந்த ஊனமுற்றோருக்கும் மெடிகேர் இருக்கிறது. உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற 25-வது மாதம் அது தானாகவே தொடங்கும், அட்டை தபாலில் வரும். அவருக்கு அது 2026 ஏப்ரல். ஆனால் பார்ட் டி-யை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2026 ஜனவரி முதல் ஜூலை வரை நேரம் இருக்கிறது. மார்ச்சுக்குள் சேர்த்துவிட்டால் ஏப்ரல் 1 அன்றே மருந்துக் காப்பீடும் தொடங்கிவிடும். ஜூலை வரை தள்ளினால் ஆகஸ்டில்தான்.

நீங்கள் தேடலாம், படிவம் நிரப்பலாம், போன் போடலாம். சம்மதம் மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும். மெடிகேருக்கு போன் போட்டால் "அவரைப் பேசச் சொல்லுங்கள்" என்பார்கள். பேச்சு வராத மனிதரை போன் பக்கத்தில் உட்கார வைத்து "ஆமாம்" சொல்லச் சொல்லிக் கெஞ்சும் அந்த ஐந்து நிமிடத்தை நான் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம். அவருடைய தகவலை உங்களிடம் சொல்லலாம் என்று மெடிகேருக்கு எழுத்தில் அனுமதி கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது, இப்போதே அனுப்பிவையுங்கள். அவர் சார்பில் நீங்களே கையெழுத்துப் போட்டுச் சேர்ப்பதற்கு அது போதாது. பவர் ஆஃப் அட்டர்னி மாதிரி மாநிலச் சட்டம் ஏற்கும் அதிகாரம் வேண்டும். சொல்வது அவருக்குப் புரிகிறது, கையெழுத்துப் போட முடிகிறது என்றால் வக்கீலைப் பார்த்து அதை இந்த மாதமே முடியுங்கள்.

நம் மாநிலத்தில் பிஏஏடி என்று ஒரு மருந்துத் திட்டம் இருப்பதையும் மறக்காதீர்கள். முதியோருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அது உண்டு. வருமான வரம்புக்குள் வந்தால், ஜெனரிக் மருந்துக்கு 5 டாலர், பிராண்டுக்கு 7 டாலர், அவ்வளவுதான் நீங்கள் கொடுப்பது. என்ஜே சேவ் என்ற ஒரே விண்ணப்பத்தில் இதையும் மற்ற உதவிகளையும் சேர்த்துக் கேட்கலாம்.

எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்கிறார்களே, அம்மா என் வீட்டில் இருப்பதால் என் சம்பளத்தையும் கணக்கில் சேர்ப்பார்களா? நகையெல்லாம் காட்ட வேண்டுமா?
(வாசகி, பார்சிப்பனி)

எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்பது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கு பார்ட் டி மருந்துச் செலவில் அரசு தரும் உதவி. உங்கள் சம்பளம் அதன் கணக்கில் வராது. அம்மாவின் வருமானம், அப்பா கூட இருந்தால் அவருடையதும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் சாப்பிடுவதையும் வாடகையில்லாமல் இருப்பதையும் முன்பு வருமானமாகக் கணக்கிட்டார்கள். 2010 முதல் அது இல்லை. தாலிக்கொடியை யாரும் எடை போட மாட்டார்கள். குடியிருக்கும் வீடு, கார், நகை எதுவும் சொத்துக் கணக்கில் சேராது. ஊரிலிருக்கும் பேங்க் டெபாசிட்டும், குடியிருக்காத மனையும் சேரும். மறைக்காதீர்கள்.

2025 கணக்குப்படி தனியாளுக்கு வருட வருமானம் 23,475 டாலர், தம்பதிக்கு 31,725 டாலர் வரை. சொத்து தனியாளுக்கு 17,600, தம்பதிக்கு 35,130 டாலர் வரை. கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் விண்ணப்பியுங்கள், சில வருமானங்களைக் கழித்துப் பார்ப்பார்கள். மெடிகெய்ட் இருப்பவர்களுக்கு விண்ணப்பமே வேண்டாம், தானாக வந்துவிடும். கிடைத்தால் 2026-இல் ஜெனரிக்குக்கு அதிகபட்சம் 5.10 டாலர், பிராண்டுக்கு 12.65. மேலே ஜெர்சி சிட்டி வாசகருக்குச் சொன்ன அபராதமும் இவர்களுக்கு இல்லை. விண்ணப்பம் சோஷியல் செக்யூரிட்டியில், எண் 1-800-772-1213.

நான் போடுவது எலிக்விஸ், ஜார்டியன்ஸ். ஒவ்வொரு ஜனவரியும் மருந்துக்கடையில் மயக்கம் வருகிறது. 2026-இலாவது குறையுமா?
(வாசகர், 74 வயது, பிரின்ஸ்டன்)

குறையும். மெடிகேரே கம்பெனிகளோடு பேரம் பேசி விலை குறைத்த முதல் பத்து மருந்துகளில் உங்களுடைய இரண்டும் இருக்கின்றன. 2022-இல் வந்த சட்டத்தின் பலன் இது. ஜனவரி 1 முதல் 30 நாள் எலிக்விஸின் விலை 231 டாலர், ஜார்டியன்ஸ் 197. ஆக மாதம் 428.

ப்ளான் பணம் தர ஆரம்பிக்கும் முன் நீங்களே கொடுக்க வேண்டிய தொகைக்கு டிடக்டிபிள் என்று பெயர். உங்கள் ப்ளான் முழு டிடக்டிபிளையும், அதாவது 615 டாலரையும் வசூலித்து, அதற்கப்புறம் 25 சதவீதம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 428 முழுவதும் உங்கள் கையிலிருந்து. பிப்ரவரியில் சுமார் 247. மார்ச்சிலிருந்து மாதம் 107. வருடத்துக்கு 1,745 டாலர் வரும். எப்படிப் போனாலும் 2,100 டாலரைத் தாண்டினால் ப்ளான் பட்டியலில் உள்ள மருந்துக்கு அந்த வருடம் மேற்கொண்டு ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

ஜனவரி மயக்கத்துக்கும் மருந்து இருக்கிறது. ப்ளானைக் கூப்பிட்டு, கடையில் கொடுப்பதை மாதாமாதம் பில்லாகப் பரப்பித் தரச் சொல்லுங்கள். வட்டி கிடையாது. மொத்தச் செலவு இதனால் குறையாது, பிப்ரவரி வரைக்கும் கடன் கேட்க வேண்டியிருக்காது, அவ்வளவுதான்.

போனில் ஒருவர் தமிழிலேயே பேசி, அப்பாவுக்குப் புது மெடிகேர் அட்டை வந்திருக்கிறது, எண்ணைச் சொன்னால் மருந்து இலவசம் என்கிறார்.
(வாசகர், மன்ரோ)

வையுங்கள் போனை. மெடிகேர் தானாகக் கூப்பிட்டு எண் கேட்காது.

அம்மா ஏற்கனவே மெடிகேர் அட்வான்டேஜ் எச்எம்ஓ ஒன்றில் இருக்கிறார். அதோடு தனியாக ஒரு மருந்து ப்ளானும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லதுதானே?
(வாசகி, சவுத் பிரன்ஸ்விக்)

ஐயோ, வேண்டாம்! அட்வான்டேஜ் என்பது ஏ, பி இரண்டையும் ஒரு தனியார் கம்பெனி வழியாகத் தரும் ப்ளான், எச்எம்ஓ அதில் ஒரு வகை. தனி மருந்து ப்ளான் தொடங்கும் நாளிலேயே அட்வான்டேஜ் ப்ளானிலிருந்து அவரைக் கழற்றிவிடுவார்கள். கூடுதலாக ஒன்று என்று நினைத்து மகன் செய்த வேலையால் டாக்டர் செலவுக்கான காப்பீடே மாறிப்போய், ஜனவரியில் என் மேஜைக்கு அழுதுகொண்டே வந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். எச்எம்ஓ-வுக்குள்ளேயே மருந்து இருக்கிறதா என்று அந்த அட்டையைப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

ஜனவரியில் மதுரைக்குப் போய் மூன்று மாதம் இருக்கப்போகிறேன். அங்கே வாங்கும் மருந்துக்கு இங்கே பணம் திரும்பக் கிடைக்குமா?
(வாசகர், ஈஸ்ட் பிரன்ஸ்விக்)

கிடைக்காது. வெளிநாட்டில் வாங்குவது பார்ட் டி-யில் வராது, 2,100 டாலர் வரம்புக் கணக்கிலும் ஏறாது. கிளம்புவதற்கு முன் ப்ளானைக் கூப்பிட்டு, பயணத்துக்காகக் கூடுதல் நாட்களுக்கு மருந்து வேண்டும் என்று சொல்லுங்கள். பல ப்ளான்கள் 90 நாள் வரை ஒரே தடவையில் தருகின்றன. கடைசி வாரத்தில் கேட்காதீர்கள், டாக்டர் கையெழுத்துக்கு நாளாகும். அப்புறம், மாத்திரையை டப்பாவோடு கொண்டுபோங்கள். திரும்பி வரும்போது மதுரையிலிருந்து புதிதாக ஏதாவது அட்டை வாங்கி வந்தால், தயவுசெய்து பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசியில் வெட்டுங்கள்.